கமர்ஷியல் ஸ்பீச்: 'வணிகப் பேச்சு' ஏன் பொருந்தாது?

அமெரிக்காவில் வானொலி, தொலைக்காட்சி மது விளம்பரங்களுக்கு மாநிலங்கள் போட்ட தடைகளைப் பற்றித் தமிழில் எழுதப் புகுபவர் முதல் பத்தியிலேயே இடறி நிற்கும் தொடர் 'கமர்ஷியல் ஸ்பீச்'. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'வணிகப் பேச்சு' வரும். அதைப் படிக்கும் நமக்கு இரு நாட்டு அமைச்சர்கள் சுங்க வரியைப் பற்றிக் கூடிப் பேசுவதுதான் மனத்தில் தோன்றும். 'வர்த்தகப் பேச்சு' என்று நாளிதழ்கள் அதற்குத்தானே தலைப்பு வைக்கின்றன? 'வணிக உரை' என்றால் மேடைச் சொற்பொழிவாகிவிடும். 'விளம்பர உரிமை' என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஓர் ஆட்டத்தின் விளம்பர உரிமையை ஏலத்தில் எடுப்பது போன்ற வேறு சங்கதி. இதற்குப் பொருந்தும் தமிழ்த் தொடர் 'வணிகக் கூற்று'.

முதலில் பொருள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் பயன்படுத்தும் அளவுகோலின்படி, 'வாங்க வாருங்கள், விற்கிறேன்' என்று கொடுக்கல் வாங்கலுக்கு அழைப்பதைத் தாண்டி வேறெதுவும் செய்யாத வெளிப்பாடு எதுவோ, அது கமர்ஷியல் ஸ்பீச். வர்ஜினியா மாநில மருந்தாளுநர் வாரிய வழக்கின் 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதை எளிமையாகச் சொன்னது. ஒரு மருந்துக்கடைக்காரருக்கு அரசியல் கருத்து எதையும் சொல்லும் எண்ணமில்லை. இன்ன மருந்தை இன்ன விலைக்குத் தருகிறேன் என்பது மட்டுமே அவர் சொல்ல வருவது. அந்த ஒரு வரிக்குப் பேச்சுரிமையின் காப்பு உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு என்றது நீதிமன்றம். அச்சிட்ட தாள், சுவர்ப் பலகை, புட்டியில் ஒட்டிய சீட்டு, முப்பது வினாடித் தொலைக்காட்சிப் படம் எல்லாமே இதில் அடங்கும். வாய்திறந்து பேசுவது இதற்குத் தேவையே இல்லை. 'பேச்சு' என்ற சொல் பொருந்தாததற்கு இதுவும் ஒரு காரணம்.

'கமர்ஷியல்' லத்தீனின் 'கொமெர்கியும்' என்ற சொல்வழி வந்தது. 'கொம்' என்றால் சேர்ந்து, 'மெர்க்ஸ்' என்றால் சரக்கு. சரக்கை முன்னிட்டு இருவர் கூடுவது என்பது வேர்ப்பொருள். 'ஸ்பீச்' பழைய ஆங்கிலச் சொல். தொடக்கத்தில் 'ஸ்ப்ரேச்' என்று ரகர ஒலியோடு இருந்து பின்னர் அதை இழந்தது. ஜெர்மன் மொழியின் 'ஷ்ப்ராஹெ' அந்த ரகரத்தை இன்றும் வைத்திருக்கிறது. 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம், பேச்சுச் சுதந்திரத்தைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்கிறது. அங்கே 'காங்கிரஸ்' என்றுதான் இருக்கிறதே, மாநிலச் சட்டத்தை எதிர்த்து எப்படி வழக்குப் போடுகிறார்கள் என்று கேட்கலாம். 1868இல் வந்த பதினான்காம் திருத்தத்தின் வழியே இருபதாம் நூற்றாண்டில் நீதிமன்றங்கள் இந்தக் காப்பை மாநிலங்களுக்கும் பொருத்தின. மொழிபெயர்க்கும்போது 'ஸ்டேட்' என்பதை ஓரிடத்தில் 'அரசு' என்றும் ஓரிடத்தில் 'மாநிலம்' என்றும் பிரித்து எழுத வேண்டியதும் இதனால்தான். இரண்டையும் கலந்தால் யார் போட்ட தடை என்பதே வாசகருக்குப் புரியாது.

இனி 'கூற்று'. 'கூறு' என்ற வினையில் பிறந்தது. அகப்பாடல்களின் அடியில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று குறிப்பு இருக்குமே, அதை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒருவருக்கு உரியதாக, ஒரு சூழலில் சொல்லப்பட்டதாக நிற்பது கூற்று. அது ஏட்டில் எழுதப்பட்டிருந்தாலும் கூற்றுதான். தேர்வுத்தாளில் 'கூற்று சரியா, தவறா' என்று கேட்பதும் இதே சொல்லால்தான். மெய்யா பொய்யா என்று சோதிக்கத் தக்கது என்ற குறிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. 'கருத்து' அப்படிச் சோதனைக்கு உட்படாது. வணிகக் கூற்றைப் பற்றிய சட்டம் முதலில் கேட்கும் கேள்வியே 'இது பொய்யா, ஏமாற்றுகிறதா' என்பதுதான் என்பதால் இச்சொல் கச்சிதமாக உட்காருகிறது. எமனைக் குறிக்கும் 'கூற்று' ஒன்று உண்டு. 'வணிக' என்ற அடை முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது.

'விளம்பரம்' என்ற நம் சொல்லும் 'விளம்பு' என்பதிலிருந்து வந்ததே. விளம்புதல் என்றால் சொல்லுதல், வெளிப்படுத்துதல். சோறு பரிமாறுவதையும் அது குறிக்கும், குமரி மாவட்டத்தில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எல்லா விளம்பரமும் வணிகக் கூற்று ஆகாது. தேர்தல் வேட்பாளர் காசு கொடுத்து ஒளிபரப்பும் விளம்பரம் அரசியல் பேச்சு. அதற்குரிய காப்பு முழுமையானது. ஆகவே கமர்ஷியல் ஸ்பீச்சுக்கு வெறுமனே 'விளம்பரம்' என்று எழுதிவிடவும் முடியாது.

இந்தக் காப்பு தொடக்கத்தில் இருந்ததில்லை. நியூயார்க்கில் ஒருவர் பழைய கடற்படை நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் காட்சிக்கு வைத்துக் கட்டணம் வாங்கினார். அழைப்புத் துண்டறிக்கையைத் தெருவில் கொடுக்கக் கூடாது என்று காவல்துறை தடுத்தது. வணிகத் துண்டறிக்கைக்குத்தான் தடை, எதிர்ப்புத் துண்டறிக்கைக்கு இல்லை என்று தெரிந்துகொண்ட அவர், தாளின் மறுபக்கத்தில் துறைமுகத் துறையைக் கண்டித்து ஒரு பத்தி அச்சிட்டார். அந்த உத்தி எடுபடவில்லை. வெறும் வணிக விளம்பரத்தைக் கட்டுப்படுத்த அரசமைப்பு எந்தத் தடையும் போடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1942இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. இது வாலன்டைன் எதிர் கிரெஸ்டென்சன் வழக்கு. 'கமர்ஷியல் ஸ்பீச்' என்ற தொடர் அந்தத் தீர்ப்பில் இல்லை; 1970களில்தான் அது தீர்ப்புகளில் வேரூன்றியது.

1980இல் சென்ட்ரல் ஹட்சன் என்ற மின் நிறுவனத்தின் வழக்கில் நீதிபதி பவல் நான்கு படிச் சோதனை ஒன்றை வகுத்தார். மது விளம்பர வழக்குகள் எல்லாவற்றுக்கும் உரைகல் அதுதான். கூற்று சட்டத்துக்கு உட்பட்ட செயலைப் பற்றியதாகவும் ஏமாற்றாததாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் காப்பு அங்கேயே முடிந்தது. அடுத்து, தடை போடும் அரசுக்குக் கணிசமான நோக்கம் இருக்க வேண்டும். மூன்றாவதாக, அந்தத் தடை நோக்கத்தை நேரடியாக முன்னெடுக்க வேண்டும். கடைசியாக, தேவைக்கு மேல் அது விரியக் கூடாது. நான்காம் படியை 1989இல் வந்த தீர்ப்பொன்று சற்றுத் தளர்த்தியது: இருப்பதிலேயே மிகக் குறைந்த கட்டுப்பாடாக இருக்க வேண்டியதில்லை, நோக்கத்துக்கும் வழிக்கும் நியாயமான பொருத்தம் இருந்தால் போதும்.

இரண்டாம் படியில் வரும் 'இன்டரஸ்ட்' என்பதை 'ஆர்வம்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அரசுக்கு மதுவில் ஆர்வம் என்றல்லவா அது பொருள் தரும்! 'நோக்கம்' என்றோ 'அக்கறை' என்றோ எழுதினால் போதும்.

குடியைக் குறைப்பது கணிசமான நோக்கம் என்பதை எந்த நீதிமன்றமும் மறுத்ததில்லை. வழக்குகள் வெல்வதும் தோற்பதும் மூன்றாம், நான்காம் படிகளில்தான். 1983இல் மிசிசிப்பி மாநிலத்தின் மது விளம்பரத் தடையை ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில், சில மாநிலங்களுக்குப் பொதுவாக உள்ள மைய நீதிமன்றம்), ஒக்லஹோமாவின் தடையைப் பத்தாம் வட்ட நீதிமன்றமும் செல்லும் என்றன. விளம்பரம் விற்பனையைக் கூட்டும், ஆகவே தடை குடியைக் குறைக்கும் என்ற பொது அறிவே போதும் என்பது அன்றைய போக்கு. 1933இல் மதுவிலக்கை நீக்கிய இருபத்தொன்றாம் திருத்தம் மதுவின் மீது மாநிலங்களுக்குத் தனி அதிகாரம் தருகிறது என்ற வாதமும் கூடவே எடை கூட்டியது.

ஒக்லஹோமா வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1984இல் கவிழ்ந்தது. பலர் அதைப் பேச்சுரிமை வெற்றி என்று எழுதுகிறார்கள், அது பிழை. நடந்தது இதுதான். அம்மாநில அரசமைப்பு மது விளம்பரத்தைத் தடை செய்தது, ஆனால் 3.2 விழுக்காடு வரை மட்டுமே சாராயச் சத்துள்ள பியர் 'மது' என்ற வரையறைக்கு வெளியே இருந்தது. பிற மாநில நிலையங்களின் அலைகளை வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கும் கேபிள் நிறுவனங்கள், அவற்றில் வரும் ஒயின் விளம்பரங்களை வெட்டிவிட்டுத் தர வேண்டும் என்று மாநிலம் வற்புறுத்தியது. எந்த நொடியில் எந்த விளம்பரம் வரும் என்பது கேபிள்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒவ்வோர் அலைவரிசையையும் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்து வெட்டினாலும் வேறு இரண்டு விதிகளில் மாட்டிக்கொள்வார்: வெளியூர் அலையை மாற்றாமல் முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்ற மைய அரசின் தகவல்தொடர்பு ஆணையத்தின் விதி ஒன்று, மாற்றினால் கட்டாயப் பதிப்புரிமை உரிமம் (உரிமையாளரிடம் தனித்தனியே அனுமதி கேட்காமல் கட்டணம் கட்டிக் கொடுக்கும் உரிமம்) போய்விடும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்று. ஆகவே மைய அரசின் விதிகளோடு மோதும் மாநிலச் சட்டம் செல்லாது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். பேச்சுரிமைக் கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

'பிராட்காஸ்ட்' என்ற சொல்லுக்கும் இங்கே ஒரு வார்த்தை. கையால் வீசி விதைப்பதற்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர் அது. வானொலி வந்ததும் அலையை வீசுவதற்கு ஆகிவந்தது. தமிழில் வானொலிக்கு ஒலிபரப்பு, தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பு. இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'அலைபரப்பு' நல்ல சொல். கேபிள் சட்டப்படி தனி வகை என்பதால் அதை இதற்குள் அடக்கிவிடக் கூடாது.

காற்று நிஜமாகவே திசைமாறியது 1996இல், ரோட் ஐலண்டில். மது விலையைக் கடைக்கு வெளியே எந்த ஊடகத்திலும் சொல்லக் கூடாது என்று அங்கே 1956 முதல் சட்டம். கடைக்குள் விலைச்சீட்டு ஒட்டலாம், அதுவும் தெருவிலிருந்து தெரியக் கூடாது. '44 லிக்கர்மார்ட்' என்ற கடை 1991இல் நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுத்தது. நிலக்கடலைக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் விலை போட்டார்கள். வோட்கா, ரம் புட்டிகளின் படத்துக்குப் பக்கத்தில் விலை இல்லை. 'வாவ்' என்ற ஒரே சொல் இருந்தது. போட்டிக் கடைக்காரர்கள் புகார் செய்தார்கள். விலை மலிவு என்று அந்த வியப்புச்சொல் உணர்த்திவிட்டது என்று சொல்லி அதிகாரிகள் 400 டாலர் அபராதம் போட்டார்கள். எண் ஒன்றுகூட இல்லாத ஒரு வியப்பொலி கூற்றாக எண்ணப்பட்டுத் தண்டிக்கப்பட்ட இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்தால், இத்தொடரின் பரப்பு எவ்வளவு என்பது மறக்காது.

ஒன்பது நீதிபதிகளும் அச்சட்டம் செல்லாது என்றார்கள், காரணங்களில்தான் பிரிந்தார்கள். உண்மையான விலையை மறைப்பது குடியைக் கணிசமாகக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார் நீதிபதி ஸ்டீவன்ஸ். குறைக்க வேண்டுமென்றால் வரியைக் கூட்டலாம், குறைந்தபட்ச விலை வைக்கலாம், ஒருவர் வாங்கும் அளவுக்கு வரம்பு போடலாம், விழிப்புணர்வுப் பிரசாரம் செய்யலாம். வாயைக் கட்டாத வழிகள் இத்தனை இருக்கையில் கட்டும் வழியை எடுத்தது நான்காம் படியில் தோற்றது. முதல் திருத்தம் தரும் காப்பை இருபத்தொன்றாம் திருத்தம் குறைக்காது என்பதும் இங்கேதான் அடித்துச் சொல்லப்பட்டது.

அதற்குப் பின் மாநிலங்கள் பெரும்பாலும் தோற்றது தம் சட்டத்திலேயே ஓட்டைகளை வைத்திருந்ததால்தான். யூட்டா பியர் விளம்பரத்தை விட்டுவிட்டு ஒயினுக்கும் சாராயத்துக்கும் மட்டும் தடை வைத்தது. பியரும் போதைதானே, இந்தப் பாகுபாடு எந்த நோக்கத்தை முன்னெடுக்கிறது என்று 2001இல் பத்தாம் வட்ட நீதிமன்றம் கேட்டது. ஒக்லஹோமாவுக்கு 1983இல் செல்லும் என்று சொன்ன அதே நீதிமன்றம் அது. இதே குறை 1999இல் சூதாட்ட விடுதி விளம்பரங்களை அலைபரப்பத் தடை செய்த மையச் சட்டத்தையும் வீழ்த்தியது: பழங்குடியினர் நடத்தும் விடுதிகளுக்கு விலக்கு, மற்றவற்றுக்குத் தடை. ஆனால் 1993இன் எட்ஜ் வழக்கையும் மறந்துவிடக் கூடாது. வட கரோலினாவில் உரிமம் பெற்ற வானொலி நிலையம் ஒன்றின் நேயர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் பக்கத்து வர்ஜினியாக்காரர்கள். வர்ஜினியாவில் லாட்டரி உண்டு, வட கரோலினாவில் அப்போது இல்லை. ஆனாலும் லாட்டரி விளம்பரத் தடை அந்த நிலையத்துக்குப் பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு நிலையத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல், தடை மொத்தத்தில் பயன்தருகிறதா என்று பார்த்தால் போதும் என்பது அதன் தர்க்கம்.

எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் இன்னொரு பிழை, அமெரிக்கத் தொலைக்காட்சியில் சாராய விளம்பரம் வெகுகாலம் இல்லாததற்குச் சட்டத் தடையே காரணம் என்பது. வானொலியில் 1936 முதலும் தொலைக்காட்சியில் 1948 முதலும் வடிப்பாலையார் சங்கம், அதாவது சாராயம் வடிக்கும் ஆலைக்காரர்களின் சங்கம், தானாகவே வைத்துக்கொண்ட விலக்கு அது. 1996 நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். தனியார் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாட்டை முதல் திருத்தம் தொடாது; அரசு போடுவதை மட்டுமே தொடும். 'தடை' என்று சட்டத்துக்கும், 'தற்கட்டுப்பாடு' என்று சங்கத்தின் முடிவுக்கும் வேறுவேறாக எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

தொடர்களாகப் புழங்கும்போது இப்படி எழுதலாம்: 'மது விலையைத் தெரிவிக்கும் வணிகக் கூற்றுக்கு மாநிலம் விதித்த தடை, முதல் திருத்தத்தின்படி செல்லாது.' கோட்பாட்டைச் சொல்ல 'வணிகக் கூற்றுக் கோட்பாடு'. கட்டாய எச்சரிக்கை வாசகம் போல அரசு சொல்லவைப்பதைக் குறிக்கக் 'கட்டாயக் கூற்று'. 'வணிகக் கூற்றுரிமை' என்று ஒட்டி எழுத வேண்டாம், தனி உரிமை ஒன்று இருப்பது போலத் தோன்றும். பேச்சுரிமை ஒன்றுதான், அதன் காப்பு வணிகக் கூற்றுக்கு எவ்வளவு தூரம் நீளுகிறது என்பதே வழக்கு.