பேஃபிள்: தடுப்பா, மறிதகடா?

"இன்ஜின் தடுப்புகளை வலுப்படுத்தி விரிசலைத் தவிர்த்தல்." சொந்தமாகச் சிறு விமானம் கட்டுகிறவர்களுக்கான குறிப்பு ஒன்றின் தமிழாக்கத்தில் தலைப்பு இப்படி. இன்ஜின் ஓடாமலிருக்க ஏதோ கட்டை கொடுத்திருக்கிறார்கள், அது விரிசல் விட்டுவிட்டது என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். மூலத்தில் இருந்த ஆங்கிலச் சொல் பேஃபிள் (baffle), அதாவது காற்றின் போக்கை மாற்றும் தகடு. அந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'தடுப்பு', 'தடுப்பான்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஒரு மொழிபெயர்ப்பில் 'குழப்பி' என்றே இருந்தது. அகராதி முதலில் தரும் 'குழப்பு' என்ற பொருளை எடுத்து வாலில் ஓர் இகரத்தை ஒட்டினால் கலைச்சொல் ஆகிவிடும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

ஆங்கிலச் சொல்லின் கதை சிறியது. 16ஆம் நூற்றாண்டில் வாக்குத் தவறிய வீரனை ஊரறிய அவமானப்படுத்துவதை இந்த வினைச்சொல் குறித்தது. ஸ்காட்லாந்து வழக்கு ஒன்றையும், ஏளனம் செய்வதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஒன்றையும் மூலமாகக் காட்டுவார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. பிறகு திகைக்க வைத்தல், முயற்சியைப் பலிக்கவிடாமல் செய்தல் என்று பொருள் நகர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் பாய்கிற நீரையோ ஆவியையோ போக்கு மாற்றும் தகட்டுக்குப் பெயராகிவிட்டது.

அந்தத் தகடு விமானத்தில் என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் 'தடுப்பு' எவ்வளவு தவறு என்பது விளங்கும். லைகோமிங் ஓ-320, ஓ-360, கான்டினென்டல் ஓ-200 போன்றவை காற்றால் குளிரும் இன்ஜின்கள். சிலிண்டர்கள் இருபக்கமும் படுத்த வாக்கில் இருக்கும். இன்ஜின் மூடியின் முன்வாய் வழியாக நுழையும் காற்று சும்மா விட்டால் சிலிண்டருக்கு மேலாக ஓடிப் பின்பக்கம் கிடைக்கிற சந்தில் வெளியேறிவிடும். சிலிண்டர் தலை கொதிக்கும். அப்படி ஓடவிடாமல் பின்னாலும் பக்கவாட்டிலும் மெல்லிய அலுமினியத் தகடுகளை நிறுத்துகிறார்கள். மேலே காற்று தேங்கி அழுத்தம் ஏறுகிறது. வேறு வழியில்லாமல் அது சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக நீண்டிருக்கும் உலோக இதழ்களுக்கு நடுவே கீழே இறங்கி, சூட்டை வாங்கிக்கொண்டு அடிப்பக்கமாக வெளியே போகிறது. சிலிண்டருக்கு அடியில் இதழ்களை ஒட்டி வளைத்துப் பிடிக்கும் தகடுகளும் உண்டு. அவையும் பேஃபிள்தான். காற்று இதழை விட்டு விலகாமல் அணைத்துக்கொண்டு போகவே அவை.

ஆக, காற்றை ஓடச் செய்வதுதான் இதன் வேலை. வயலில் "இங்க மறிச்சு விடு, தண்ணி அந்தப் பாத்திக்குப் போகட்டும்" என்கிறோமே, அதுவேதான். அங்கே யாரும் தண்ணீரைத் தடுக்கச் சொல்லவில்லை. மறித்தால் மட்டம் ஏறும், ஏறினால் வேண்டிய பக்கம் பாயும். இன்ஜினின் மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டை விமானப் பொறியாளர்களும் 'இத்தனை அங்குலத் தண்ணீர்' என்றுதான் அளக்கிறார்கள்!

அதனால் என் சொல் மறிதகடு. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. நடுவில் 'த்' போட்டு மறித்தகடு என்று எழுத வேண்டாம். சங்கப் பாட்டில் மறி என்றால் ஆட்டுக்குட்டி அல்லவா என்று ஒரு தமிழாசிரியர் கேட்கலாம். கேட்கட்டும். ஆட்டுக்குட்டியை இன்ஜினுக்குள் யாரும் தேடப்போவதில்லை.

'திசைதிருப்பி' என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. திரும்புவது உண்மை, ஆனால் தேக்கி அழுத்தம் ஏற்றுவது அந்தச் சொல்லில் இல்லை. 'மறி' இரண்டையும் சொல்லிவிடுகிறது. எல்லாப் பேஃபிளுக்கும் ஒரே சொல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெட்ரோல் தொட்டிக்குள் எரிபொருள் அலைமோதாமலிருக்க வைக்கும் துளையிட்ட தகட்டை அலைதடுப்பு என்று சொன்னால் சரிதான். ஒலிபெருக்கியின் முன்பலகையும் கூம்பின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியோடு கலக்காமல் தடுக்கிறது. பொருள் மாறினால் சொல்லும் மாறட்டும். தடுப்பான், குளிர்விப்பான், கட்டுப்படுத்துவான் என்று எல்லாப் பொருளுக்கும் ஆண்பால் விகுதி போட்டு ஒரு பட்டாளமே திரட்டி வைத்திருக்கிறோம், அதுதான் தாங்கவில்லை.

அந்தத் தலைப்பிலிருந்த 'வலுப்படுத்தி'யும் சும்மா விடத்தக்கதல்ல. அதைப் படித்தவர் தடித்த தகடாக வாங்கி மாட்டுவார். இந்தத் தகடுகள் பெரும்பாலும் 0.032 அங்குலம், அதாவது 0.8 மில்லிமீட்டர் கனம். சிலிண்டரோடு சேர்ந்து அதிர்ந்து, சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, மடிப்பின் மூலையிலோ திருகுத் துளையின் விளிம்பிலோ களைத்துப்போய்க் கீறுகின்றன. ஓரிடத்தை மட்டும் விறைப்பாக்கினால் கீறல் அதன் ஓரத்துக்குக் குடிபெயரும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்கள் பலவற்றில் ஆயில் கூலரை இடது பின் மறிதகட்டிலேயே தொங்கவிடுகிறார்கள். எண்ணெயும் குழாயுமாக அந்தக் கனம் ஆடும்போது தகடு கிழிவது அங்கே தெரிந்த சங்கதி. கட்டுகிறவர்கள் பின்னால் ஆங்கிள் பட்டை கொடுத்து, அகலமாக ஒட்டுத் தகடு வைத்து ரிவிட் அடித்து, கனத்தைப் பரப்பி விடுகிறார்கள். மடிப்பைக் கூராக்காமல் உருட்டி வளைப்பது, துளையின் பிசிறை நீவுவது, பெரிய வாஷர் போடுவது எல்லாம் இந்த வேலையில் சேர்ந்தவை. வந்துவிட்ட கீறலின் நுனியில் சிறு துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்திவிட்டு அதன்மேல் ஒட்டுத் தகடு வைப்பார்கள். இதற்கு 'பட்டை கொடுத்தல்', 'ஒட்டுப் போடுதல்' என்று தகர வேலைக்காரர் சொல்லும் சொற்கள் இருக்க, 'வலுவூட்டல்' என்ற பாட்டில் பானம் எதற்கு?

அதே தமிழாக்கத்தில் 'தடுப்பு முத்திரைகள் தேய்ந்துள்ளனவா எனப் பார்க்கவும்' என்றும் ஒரு வரி. சீல் என்றதும் தாசில்தார் அலுவலகத்துக்குப் போய்விட்டார் மொழிபெயர்ப்பாளர். அங்கே சொல்லப்படுவது தகட்டின் விளிம்புக்கும் இன்ஜின் மூடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைக்கும் சிலிகான் ரப்பர் பட்டை. அதன் விளிம்பு அழுத்தமுள்ள பக்கமாக வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் காற்றே அதை மூடியோடு அழுத்திப் பிடிக்கும். வெளிப்பக்கம் மடங்கிவிட்டால் அந்தச் சந்தில் காற்று ஒழுகி, சிலிண்டருக்குச் சேர வேண்டியது வீணாகும். காற்றை உண்மையாகவே தடுப்பது அந்த ரப்பர்தான். 'தடுப்பு' என்ற சொல்லைப் போட அவ்வளவு ஆசையென்றால் அங்கே போட்டுக்கொள்ளலாம்: காற்றுத்தடுப்பு ரப்பர்.