கார்வெட் வாங்கப் போகிறவர்களே, விற்பனைக் கணக்கை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள்

"கார்வெட் விற்பனை படுத்துடுச்சாம், ஆறு மாசம் பொறுத்தா டீலரே இறங்கி வருவான்." "அடுத்த மாடல் வரட்டும், குதிரைத்திறன் ஏத்துறாங்களாம்." "இதுதான் கடைசி வருஷமாம், வாங்கிப் போட்டா ரெட்டிப்பாகும்." அமெரிக்காவில் புதுக் கார் வாங்குவோருக்கு ஆலோசனை சொல்லும் தொழிலில், ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டைப் பற்றி இந்த மூன்றையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடைசியாக வந்தவர், நிறுவனம் காரில் ஒட்டி அனுப்பும் ஸ்டிக்கர் விலைக்கு மேல் 20,000 டாலர் கொடுத்து, 84 மாதத் தவணையில் கார்வெட்டின் அடிப்படை ரகமான ஸ்டிங்ரே ஒன்றை எடுத்த பிறகுதான் "எப்போ விக்கலாம்?" என்று கேட்க வந்தார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மாடல் ஆண்டு வேறு, காலண்டர் ஆண்டு வேறு. எரிச்சலூட்டும் தவறுகளில் இதுதான் முதலிடம், ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி, ஒரு மாடல் ஆண்டின் உற்பத்திக் காலத்துக்குள் அந்த ஆண்டின் ஜனவரி 1 வந்தாக வேண்டும். இன்னொரு ஜனவரி 1 வரக் கூடாது. 2023 மாடலை 2022 ஜனவரி 2-ஆம் தேதியே தொடங்கலாம், 2023 டிசம்பர் 31 வரை இழுக்கலாம். நடுவில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது நிறுவனத்தின் விருப்பம்.

இப்போது எல்லோரும் காட்டும் எண்களைப் பாருங்கள். 2022 மாடல் கார்வெட் தயாரானவை 25,831. 2023 மாடல் 53,785. "ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு! கிராக்கி எகிறுது!" என்று ஒரு கூட்டம் குதித்தது. "2022 மாடல் கம்மியா வந்திருக்கு, அது அபூர்வம்" என்று இன்னொரு கூட்டம் அதைத் தேடி அலைந்தது. நடந்தது என்ன? கென்டக்கியின் பவுலிங் கிரீன் ஆலையில் 2022 மாடல் 2021 செப்டம்பரில் தொடங்கி 2022 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. உடனே தொடங்கிய 2023 மாடல், 2023 கோடை முடியும்வரை ஓடியது. முதலாவதை எட்டாலும் இரண்டாவதைப் பதினாறாலும் வகுத்துப் பாருங்கள். மாதத்துக்குச் சுமார் 3,200, சுமார் 3,400. ஆலை ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடியிருக்கிறது, ஆண்டின் நீளம்தான் மாறியிருக்கிறது. இதில் அபூர்வம் எங்கே இருக்கிறது, கிராக்கி எங்கே இருக்கிறது? (1979-இல் 53,807 கார்கள் வந்தன. அந்தச் சாதனையை 2023 மாடல் 22 கார்களில் தவறவிட்டது. அவ்வளவு நீளமான ஆண்டை வைத்துக்கொண்டும்!)

இதே கோளாறு வேறு வடிவிலும் வரும். 2021 காலண்டர் ஆண்டில் அமெரிக்காவில் விற்றவை 33,041. 2021 மாடலாகத் தயாரானவை 26,216. முதல் எண்ணில் இரண்டு மாடல்கள் கலந்திருக்கும். இரண்டாவதில் வெளிநாட்டுக்குப் போனவையும் சேரும். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு வளைகோடு வரைவது கணக்கே அல்ல. இன்னொன்று: ஜெனரல் மோட்டார்ஸ் 2018-இல் மாத விற்பனையை வெளியிடுவதை நிறுத்திவிட்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் சொல்கிறது. அதற்குப் பிறகு யாராவது "போன மாச கார்வெட் விற்பனை" என்று துல்லியமான எண்ணைக் காட்டினால், அது யாரோ ஒருவரின் மதிப்பீடு.

சரி, எண் சரியாகவே இருக்கட்டும். அது கிராக்கியைக் காட்டுமா? ஆலை செய்வதையெல்லாம் வாங்க ஆள் காத்திருக்கும் காரில், விற்பனை எண் என்பது ஆலை எத்தனை செய்தது என்பதுதான். 2019 இலையுதிர் காலத்தில் தொழிற்சங்கம் 40 நாள் வேலைநிறுத்தம் செய்தது. எட்டாம் தலைமுறைக் காரின் உற்பத்தி 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அடுத்த மாதமே கோவிட் ஆலையை மூடியது. அந்த மாடல் ஆண்டில் 20,368 கார்கள்தான் வந்தன. எண்ணை மட்டும் பார்ப்பவர் "புது மாடல் எடுபடவில்லை" என்று எழுதுவார். டீலரிடம் போயிருந்தால் வரிசை எவ்வளவு நீளம் என்று தெரிந்திருக்கும்.

மாடல் மேம்பாடு பற்றிய ஊகங்களுக்கு வருவோம். காத்திருப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருக்க வேண்டும். 2022 மாடலில் எரிபொருள் உட்செலுத்தும் பம்பும் இன்ஜின் கணினி அமைப்பும் மாறின; குதிரைத்திறன் மாறவில்லை. 2026 மாடலில் உள்ளலங்காரமே மாறியது: ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே சுவர் மாதிரி நின்ற நீளமான பொத்தான் வரிசை போய், மூன்று திரைகள் வந்தன. ஸ்டிங்ரேயின் இன்ஜின் அதே 490 குதிரைத்திறன், செயல்திறன் எக்ஸாஸ்டுடன் 495. "பவர் ஏறும்" என்று 2025-ஐக் கைவிட்டுக் காத்திருந்தவருக்குத் திரை கிடைத்தது. "ஒண்ணும் மாறாது" என்று 2025-ஐ அவசரமாக எடுத்தவருக்குப் பழைய பொத்தான் வரிசை கிடைத்தது. ஊகம் இரண்டு பக்கமும் அடிக்கும்.

அடுத்த வருடம் என்று ஒன்று வரும் என்பதுகூட உத்தரவாதம் இல்லை. 1983 மாடல் கார்வெட் என்று ஒன்று விற்பனைக்கே வரவில்லை. 43 முன்மாதிரிகள் செய்யப்பட்டன, மிஞ்சிய ஒன்று பவுலிங் கிரீன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நான்காம் தலைமுறை நேராக 1984 மாடலாகவே வந்தது.

உறுதியான செய்தி வேண்டுமானால் அது வரும் வழிகள் உண்டு. புது மாடல் ஆண்டின் முதல் காரை விற்பனைக்கு வைக்கக் குறைந்தது 60 நாள் முன்பே, ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள எண்ணான வின் எண்ணைப் படிக்கும் விவரத்தை நிறுவனம் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். இன்ஜின் வகைகள் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு டீலரிடம் வரும் ஆர்டர் கையேட்டில் நிறம், பேக்கேஜ், எதோடு எதைச் சேர்க்க முடியாது என்பது எல்லாம் இருக்கும். மறைப்பு ஒட்டிய சோதனைக் காரின் படத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏதோ ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

"வாங்கிப் போட்டா ஏறும்" என்பவர்களுக்கு ஒரே உதாரணம் போதும். 1978-இல் இண்டி 500 பந்தயத்தில் மற்ற கார்களுக்கு முன்னால் ஓடும் பேஸ் காரின் பிரதியாகக் கருப்பும் வெள்ளியுமாக ஒரு கார்வெட் வந்தது. பட்டியல் விலை 13,653 டாலர். அதன் மேல் நடந்த சூதாட்டத்தை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் முதல் பக்கத்தில் எழுதியது, கூட்டம் இன்னும் கூடியது. சிலர் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பூட்டி வைத்தார்கள். ஆனால் செய்தது 6,502 கார்கள், டீலருக்கு ஒன்று வீதம்! எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அபூர்வமாகும்? பணவீக்கத்தைச் சேர்த்தால் அந்த 13,653 இன்றைக்கு 65,000 டாலருக்கு மேல். ஓடாமல் நின்ற கார்கள்கூடப் பெரும்பாலும் அதற்கு மிகக் கீழேதான் விலைபோகின்றன. 2020 ஜனவரியில் முதல் எட்டாம் தலைமுறைக் கார் ஏலத்தில் 30 லட்சம் டாலருக்குப் போனதே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அது அறக்கொடைக்கான ஏலம், சந்தை விலை அல்ல.

மார்க்கப், அதாவது ஸ்டிக்கர் விலைக்கு மேல் டீலர் கேட்கும் தொகையைக் கொடுத்தவர்கள், கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 70,000 ஸ்டிக்கர், 20,000 மார்க்கப், கையிலிருந்து 10,000. மீதி 80,000 டாலரை 8 சதவீத வட்டியில் 84 மாதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை சுமார் 1,247 டாலர். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் சுமார் 61,500 பாக்கி நிற்கும். அன்று சந்தையில் கார் 55,000-க்குப் போனால், விற்பதற்கே கையிலிருந்து 6,500 போட வேண்டும். விபத்தில் கார் முழுச் சேதமானாலும் இதே கதைதான். இன்சூரன்ஸ் தருவது அன்றைய சந்தை மதிப்பை, நீங்கள் கொடுத்த மார்க்கப்பை அல்ல. உடனே விற்று லாபம் பார்க்கலாம் என்பவர்களுக்கு: கார்வெட்டின் அதிக ஆற்றல் கொண்ட ரகமான 2023 இசட்06 வந்தபோது, 12 மாதத்துக்குள் கைமாறினால் சில வாரண்டிகள் அடுத்தவருக்குப் போகாது என்று நிறுவனமே அறிவித்தது. அப்படி ஒரு நிபந்தனை உண்டா என்று கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள்.

தயவுசெய்து டெபாசிட் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள். நிறுவனத்திடமிருந்து டீலருக்கு உண்மையில் கார் ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேளுங்கள். "லிஸ்ட்ல போட்டுட்டோம்" என்பது பதில் ஆகாது. ஆர்டர் எண்ணும் நிலைக் குறியீடும் வேண்டும். 1100 என்றால் டீலர் கணினியில் தட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அங்கேயே மாதக்கணக்கில் கிடக்கலாம். 2000 என்றால் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 3000 வந்தால்தான் ஆலையின் வரிசையில் இடம். 3800 என்றால் கார் தயார். 2000-ஐத் தாண்டாமல் மாடல் ஆண்டு முடிந்தால் என்ன ஆகும், அடுத்த ஆண்டின் விலை ஏற்றம் யார் தலையில் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வரி, பதிவு, டீலர் கட்டணம் எல்லாம் சேர்ந்த இறுதி விலை, மார்க்கப் இல்லை என்ற வரி, டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்ற வரி ஆகிய மூன்றும் காகிதத்தில் இருக்க வேண்டும். கார் வந்ததும் வின் எண்ணின் பத்தாவது எழுத்தைப் பாருங்கள்: ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) 2025, டி (T) 2026. கதவு ஓரத்து லேபிளில் இருக்கும் தயாரிப்பு மாதம் வேறு. மறுவிற்பனையில் விலையைத் தீர்மானிப்பது மாடல் ஆண்டு.

ஏற்கெனவே வாங்கிப் பூட்டி வைத்துவிட்டவர்கள் கவனியுங்கள். 3 வருடம் அல்லது 36,000 மைல் வாரண்டி, இன்ஜின் தொகுதிக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல் இரண்டுமே டெலிவரி நாளிலிருந்து ஓடுகின்றன, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும். பேட்டரிக்குப் பராமரிப்பு சார்ஜர் மாட்டுங்கள். மைல் ஏறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். இசட்51 என்ற செயல்திறன் பேக்கேஜில் வரும் கோடைக்கால டயர்களை 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் மைனஸ் 7 செல்சியஸுக்குக் கீழே, நகர்த்தினாலே ரப்பரில் விரிசல் விழலாம். மிச்சிகன், மினசோட்டா பக்கம் சூடேற்றாத கராஜில் வைத்திருப்பவர்கள் ஜனவரியில் "சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி முன்னால பின்னால நகர்த்தலாம்" என்று இறங்காதீர்கள்.