226 வரும் வரை

அப்புத்தளையிலோ எல்லவிலோ வீட்டில் இரண்டு அறையைப் பயணிகளுக்கு விடுகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு இணையத்தளம் வைத்துக்கொள்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. பக்கத்தைச் செய்து தர ஊரில் ஒரு பையன் கிடைப்பான். சிக்கல் கடைசிப் படியில்தான் வரும். லேப்டொப்பில் இருக்கும் கோப்புகளை, காசு கட்டி எடுத்த சர்வருக்கு ஏற்ற வேண்டும். பைல்சில்லா மாதிரி ஒரு மென்பொருளைத் திறந்து, இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் இழுத்துவிட்டால் சரி என்பார்கள். இழுத்தும் விடுகிறோம். பட்டை முக்கால்வாசி போய் நிற்கிறது, சிவப்பில் ஏதோ ஒரு வரி வருகிறது, உடனே "நெட் சரியில்லை" என்று ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம்.

அந்தச் சிவப்பு வரிக்கு மேலே நீலமும் பச்சையுமாக ஓடிய வரிகளை யாரும் படிப்பதில்லை. என்னைக் கேட்டால் அந்த மென்பொருளில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெட்டியைத்தான். நீலத்தில் இருப்பது நம் கணினி கேட்டது. பச்சையில் இருப்பது சர்வர் சொன்ன பதில். இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால், கோளாறு எங்கே என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அவர்கள் பேசும் முறைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எஃப்டிபி என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தக் கோப்புப் பரிமாற்ற முறையை 1971 ஏப்ரலில் எழுதி வெளியிட்டவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் தொகுதி மாணவர், அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தார். இன்றும் அடிப்படையாக இருக்கும் வடிவம் 1985இல் வந்தது. முதலில் எழுதப்பட்ட 1971இல் வலையில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். எந்தக் கணினியும் எந்தக் கணினியையும் நேராகக் கூப்பிடலாம், இடையில் மறிக்க ஆளில்லை. இந்த எண்ணம் எஃப்டிபியின் எலும்பிலேயே ஊறியிருக்கிறது. மலையில் நாம் படும் பாட்டில் பாதி அங்கிருந்து வருவதுதான்.

முதலில் பேச்சைப் பார்ப்போம். சர்வரின் 21ஆம் இலக்க வாசலில் ("போர்ட்" என்பார்கள்) நம் மென்பொருள் போய்த் தட்டும். 220 என்று பதில் வந்தால் "வாங்க, தயார்" என்று பொருள். பயனர் பெயரைச் சொன்னதும் 331 வரும்: பெயர் சரி, பாஸ்வேர்ட் எங்கே? அதையும் கொடுத்தால் 230, உள்ளே வந்தாயிற்று. பாஸ்வேர்ட் பிழை என்றால் 530. இந்த இலக்கங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, முதல் இலக்கம் போதும். 1இல் தொடங்கினால் வேலை ஆரம்பம். 2 என்றால் முடிந்தது. 3 என்றால் இன்னும் ஏதோ கேட்கிறது. 4 என்றால் தற்காலிகத் தடங்கல், கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடி செய்யலாம். 5 என்றால் அதையே எத்தனை தடவை செய்தாலும் நடக்காது, எதையாவது மாற்றியாக வேண்டும். 530 வந்த பிறகும் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இனித்தான் எஃப்டிபியின் விசித்திரம். பேச்சு நடக்கும் இணைப்பில் கோப்பு போகாது. கோப்புக்கென்று வேறொரு இணைப்பைத் தனியாகத் திறக்க வேண்டும். கொழுந்து மூட்டை லொறியில் போக, எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்ற பேச்சு மலைக்கும் பெக்டரிக்கும் இடையில் போனில் நடக்கிற மாதிரி. ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஒரு இணைப்பு. கோப்பு முடிந்ததும் அது மூடப்படும். வழமையான முறையில், "கோப்பு இத்தோடு முடிந்தது" என்பதற்கு அந்த மூடலே அடையாளம். வேறு அடையாளம் கிடையாது.

அந்த இரண்டாவது இணைப்பை யார் திறப்பது? பழைய முறையில் சர்வரே தன் 20ஆம் வாசலிலிருந்து நம் கணினியைத் தேடி வரும். இன்று அது நடக்காத காரியம். ஹட்டனில் போனை ஹொட்ஸ்பொட் போட்டு வேலை செய்கிற ஒருவருக்கு வெளியுலகம் அறிந்த முகவரி தனியாக இருப்பது அரிது. மொபைல் வலையமைப்பு நூற்றுக்கணக்கானோரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கிறது. உள்ளேயிருந்து வெளியே போகலாம். வெளியேயிருந்து யாராவது தேடி வந்தால் யாரைத் தேடுகிறார்கள் என்று வலையமைப்புக்கே தெரியாது. அதனால்தான் இப்போதைய மென்பொருள்கள் "பாசிவ்" முறையில் இயங்குகின்றன. சர்வர் ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு இலக்கத்தைச் சொல்லும், நாம் போய்ச் சேர வேண்டியதுதான்.

அந்தப் பதிலைப் பெட்டியில் தேடிப் பாருங்கள். 227 என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் ஆறு எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு 203, 0, 113, 25, 195, 80. முதல் நான்கும் சர்வரின் முகவரி. கடைசி இரண்டும் சேர்ந்து வாசல் இலக்கம்: 195ஐ 256ஆல் பெருக்கினால் 49,920, அதோடு 80ஐக் கூட்டினால் 50,000. நம் கணினி அந்த வாசலுக்குப் போகிறது. கடைத் தெரு வைபையிலோ அலுவலக வலையிலோ இத்தகைய பெரிய இலக்க வாசல்களைத் தடுத்து வைத்திருந்தால் உள்ளே நுழைய முடியும், பாஸ்வேர்ட் வேலை செய்யும், ஆனால் கோப்புப் பட்டியல்கூட வராது. "லொகின் ஆகுது, ஒண்ணும் காட்டமாட்டேங்குது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பட்டியலும் இரண்டாவது இணைப்பு வழியாகத்தான் வர வேண்டும்.

இணைப்பு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 3 மெகாபைட் படம் ஒன்று முழுசாகப் போவதில்லை. அதிகபட்சம் 1,460 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டப்பட்டு, 2,000க்கு மேற்பட்ட துண்டுகளாகப் போகிறது. சேர்ந்ததற்கு மறுமுனை ஒப்புதல் சொல்லும். வராத துண்டு மறுபடி அனுப்பப்படும். துண்டுகள் அடிக்கடி தொலைந்தால் வலையில் நெரிசல் என்று நினைத்துக் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

யூடியூப் ஓடுகிறது, கோப்பு மட்டும் ஏறமாட்டேன் என்கிறதே என்பது அடுத்த முறைப்பாடு. டவர் பல பத்து வொட் சக்தியில் பேசும். நம் போன் 4ஜியில் அதிகபட்சம் 0.2 வொட்டில் பதில் சொல்ல வேண்டும். டவர் சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது அதற்குக் கேட்பது கஷ்டம். நடுவில் ஒரு மலை முதுகு நின்றால் இன்னும் மோசம். மக்கள் பழியைப் பனிமூட்டத்தின் மேல் போடுவார்கள், ஆனால் பனிமூட்டம் குற்றமற்றது. 1,800 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீற்றர். மூட்டத்தின் துளியோ மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவுதான், அலை அதைக் கண்டுகொள்வதே இல்லை. கனமழை வேறு கதை. டவருக்கும் டவருக்கும் இடையே நுண்ணலையில் தொடர்பு இருக்கும் இடங்களில் அலைநீளம் மிகவும் குறுகியது, பெரிய மழைத்துளி அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். தென்மேற்குப் பருவத்தில் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் அடிக்கிற மழையே அதற்குப் போதும். மற்றபடி, ஏற்றுகிற நேரத்தில் போனை டவர் தெரிகிற பக்கத்து ஜன்னலில் வைப்பது உண்மையிலேயே பலன் தரும்.

ஏறும் வேகம் குறைந்தால் எஃப்டிபியில் விநோதமான ஒரு கோளாறு வரும். 40 மெகாபைட் வீடியோ ஒன்றை வினாடிக்கு அரை மெகாபிட் வேகத்தில் ஏற்றுகிறோம் என்றால் பத்து நிமிடத்துக்கு மேலாகும். அவ்வளவு நேரமும் கோப்பு இணைப்பு மும்முரமாக இருக்கும். பேச்சு இணைப்பு வாய் திறக்காது. மொபைல் வலையமைப்போ, யாருடைய இணைப்பு எங்கே போகிறது என்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. இடத்தை மிச்சம் பிடிக்க, அசைவில்லாத இணைப்புகளை அதிலிருந்து அழித்துவிடும். குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2008இல் வந்த பரிந்துரை சொல்கிறது. சில நிமிடங்களிலேயே அழித்துவிடும் வலையமைப்புகள் உண்டு. கடைசித் துண்டும் போய்ச் சேர்ந்த பிறகு சர்வர் பேச்சு இணைப்பில் 226 என்று சொல்லும்: பரிமாற்றம் முடிந்தது. அட்டவணையில் பெயர் அழிந்துபோனதால் அந்தச் சொல் நம்மிடம் வந்து சேராது. முழு வீடியோவும் சர்வரில் பத்திரமாக இருக்க, நம் திரையில் மட்டும் "தோல்வி" என்று சிவப்பில் வரும். மென்பொருள் விடாமல் முதலிலிருந்து மறுபடி ஏற்றும். டேட்டா கரையும்.

அப்படி வந்தால் பதற்றப்படாமல் சர்வரில் இருக்கும் கோப்பின் அளவைப் பாருங்கள். லேப்டொப்பில் இருக்கும் அளவேதான் என்றால் பெரும்பாலும் வேலை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் "ரிசியூம்" கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சின்னக் கோப்புகள் வேறு விதமாகச் சோதிக்கும். வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் செய்த தளம் ஒன்றில் ஆயிரக்கணக்கான கோப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வாசல் கேட்டு, இணைப்புத் திறந்து, கோப்பின் பெயரைச் சொல்லி, 226 வாங்கி என்று நாலு தடவை போய்வர வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் 2,700 கிலோமீற்றர் அளவில், போய்வர 27 மில்லிவினாடி. அமெரிக்காவின் கிழக்குக் கரை என்றால் 140க்குக் குறையாது. கேபிள் வளைந்து போவதையும் இடைநிலையங்களையும் சேர்த்து 250 என்று வைத்தால், ஒரு கோப்புக்கு ஒரு வினாடி. 3,000 கோப்புக்கு 50 நிமிடம், அதுவும் கோப்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும். எல்லாவற்றையும் ஒரே சிப் கோப்பாகக் கட்டி ஏற்றி, ஹோஸ்டிங்கின், அதாவது காசு கட்டி எடுத்த சர்வரின், கோப்பு மேலாளரில் விரித்துக்கொள்வது எவ்வளவோ மேல். ஹோஸ்டிங் எடுக்கும்போது சர்வர் எந்த நாட்டில் என்று கேட்டு வைப்பதும் நல்லது.

பாஸ்வேர்ட் விஷயம். செய்திப் பெட்டியில் அது நட்சத்திரக் குறிகளாகத் தெரியும். அது நம் கண்ணுக்கு மட்டும்தான். பழைய எஃப்டிபியில் கம்பி வழியாக எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே போகிறது. அதே வைபையில் இருக்கும் விஷயம் தெரிந்த ஆள் படித்துவிடலாம். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் இப்படிப் பாஸ்வேர்ட்கள் திருடப்பட்ட பிறகுதான் அங்கிருந்த தாத்து யூலோனன் எஸ்எஸ்எச் என்ற மறையாக்க முறையை எழுதினார். வாசல் இலக்கங்களில் 21 எஃப்டிபிக்கு, 23 தூரக் கணினியில் நுழையும் பழைய முறையான டெல்நெட்டுக்கு. நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் மேல் அமைந்ததுதான் எஸ்எஃப்டிபி. பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. பேச்சும் கோப்பும் பூட்டிய ஒரே இணைப்பில் போகும். ஆகவே அந்த 50,000ஆம் வாசல் தொல்லையும் இல்லை, தூங்கிப்போன பேச்சு இணைப்பின் தொல்லையும் இல்லை. ஹோஸ்டிங்கில் எஸ்எஃப்டிபி இருந்தால் வேறு யோசனை வேண்டாம், அதையே எடுங்கள். இல்லாவிட்டால் டிஎல்எஸ் பூட்டுப் போட்ட எஃப்டிபியையாவது கேளுங்கள். குரோம், பயர்பொக்ஸ் இரண்டும் 2021இலேயே பழைய எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன.

இத்தனையும் சரியாக நடந்து 226 வந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்.

"அண்ணே, எல்லாம் ஏத்தியாச்சு. லேப்டொப்ல படம் வருது, நெட்ல பார்த்தா வரலையே."

"பைல் பேரைப் பார்த்தியா தம்பி?"

"அதே பேருதான்ணே."

அதே பெயர் அல்ல. கெமரா தன் படங்களுக்கு ஜேபிஜி என்ற பின்னொட்டைப் பெரிய ஆங்கில எழுத்தில் வைத்திருக்கும், பக்கத்தில் தம்பி சிறிய எழுத்தில் எழுதியிருப்பார். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ், அதற்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். படம் இருக்கிறது, கேட்ட பெயரில் இல்லை, எனவே 404, அதாவது "அப்படி ஒன்று இங்கே இல்லை".

தமிழில் பெயர் வைத்தால் சிக்கல் இன்னும் நுணுக்கமாகும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். "தேயிலை"யில் துணைக்குறிகளோடு சேர்த்து 6 குறிகள், ஆக 18 பைட். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிவதால், வட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்த ஒரு சொல் 54 எழுத்தாக நீளலாம். "தோட்டம்" இன்னும் பொல்லாதது. அதன் முதல் எழுத்தை "த"வும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறியாகச் சேமிக்கலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் பிரித்து மூன்று குறியாகவும் சேமிக்கலாம். பழைய மெக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே வைக்கும், நம் விசைப்பலகை பெரும்பாலும் சேர்த்து எழுதும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், லினக்ஸுக்கு இரண்டும் வேறு, மறுபடியும் 404. பக்கத்தின் உள்ளே தமிழுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோப்புப் பெயரில் மட்டும் சிறிய ஆங்கில எழுத்து, இலக்கம், நடுவில் ஒரு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.