மரை ஏறினால் மட்டும் போதாது: மரத்தில் கியர் குமிழ் கடைகிறவர்களுக்கு

போன வாரம் ஒருவர் உள்ளங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். இன்னொரு கையில் ஒரு கியர் குமிழ், அதாவது கியர் லீவரின் உச்சியில் கைக்குப் பிடிக்கிற உருண்டை. வால்நட் மரம். வடிவம் அருமை, மெருகு அதைவிட அருமை. ஓய்வு நேரத்தில் அவரே லேத்தில் கடைந்தது. இறக்கத்தில் வரும்போது மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு இழுத்திருக்கிறார். குமிழ் கையோடு வந்துவிட்டது. பதற்றத்தில் வெறும் லீவரைப் பிடித்து அழுத்தியதில் அதன் மரை (திருகுப் புரி) உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது. பின்னால் வண்டி எதுவும் வராததால் தையலோடு போயிற்று.

இந்த வருடத்தில் இப்படி என்னிடம் வந்த நான்காவது குமிழ் இது. நான்கிலும் கடைசல் வேலையில் குறை சொல்ல முடியாது. நான்கு பேரும் சொன்னது ஒரே வார்த்தைதான்: "மரை சரியாத்தான் ஏறிச்சு." அந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இவருடைய வண்டி 1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். லீவரின் மரை 5/16 அங்குலம், யு.என்.எஃப். என்கிற அங்குலக் கணக்கு நுண்மரை வகை. விட்டம் 7.94 மி.மீ., ஓர் அங்குலத்துக்கு 24 மரை. அவரிடம் இருந்ததோ எம்8 டேப், அதாவது துளைக்குள் 8 மி.மீ. மெட்ரிக் மரை வெட்டுகிற கருவி; பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.0 மி.மீ. வெர்னியர் அளவுகோலை லீவரில் வைத்துப் பார்த்தார், எட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. எம்8 போல்ட்டை அளந்தாலும் எட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். அதனால் 'எட்டுதான்' என்று முடிவு கட்டிவிட்டார். விட்டத்தை மட்டும் அளக்கிற எல்லோரும் விழுகிற குழி இது.

கணக்கைப் பாருங்கள். அங்குலத்துக்கு 24 மரை என்றால் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.058 மி.மீ. எம்8 டேப் வெட்டியது 1.0 மி.மீ. ஒரு சுற்றுக்கு வித்தியாசம் 0.058 தான், கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. பத்துச் சுற்று உள்ளே போனால் 0.58. அதாவது லீவரின் மரை முகடு, குமிழுக்குள் இருக்கிற மரைப் பள்ளத்தைவிட்டு அரை மரைக்கு மேல் விலகிப் போயிருக்கும். இரும்பு நட்டாக இருந்தால் சில சுற்றிலேயே இறுகி நின்று, "இது என் ஜோடி இல்லை" என்று காட்டிக்கொடுத்துவிடும். மரம் அப்படி நிற்காது, வழி விட்டுவிடும். இரும்பு இறங்க இறங்க மர மரையை நசுக்கிக்கொண்டே போகும். கடைசிச் சுற்றில் கைக்கு நல்ல இறுக்கம் தெரியும். அந்த இறுக்கம் பிடிமானம் அல்ல. நசுங்கிய நார் இரும்பை அழுத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சில வாரம் ஓட்டினால் நார் தூளாகிவிடும். அதுவரை எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

மரை ஏறுவது வேறு, மரை பொருந்துவது வேறு. இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சரி, எப்படித்தான் உறுதி செய்வது? பழைய குமிழைக் கழற்றிவிட்டு லீவரின் மரையைப் பித்தளை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். பிட்ச் கேஜை (மரை இடைவெளியைச் சரிபார்க்கிற பல் தகடு) வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; பல்லுக்கும் மரைக்கும் நடுவே ஒளி தெரியக் கூடாது. அப்புறம் அதே அளவில் ஒரு சாதாரண இரும்பு நட்டு வாங்கி லீவரில் மாட்டுங்கள். இரண்டே விரலால் சுழற்றினால் அடிவரை இறங்க வேண்டும். ஸ்பேனர் கேட்டால் அளவு தவறு. இறங்கிய பிறகு லொடலொடவென்று ஆடினாலும் தவறு. ஒரு நட்டு செய்கிற இந்தச் சோதனையைச் செய்திருந்தால் அந்த நான்கு குமிழும் என்னிடம் வந்திருக்காது.

மஸ்டா எம்எக்ஸ்-5 என்றால் எம்10, பிட்ச் 1.25. ஹோண்டாவில் பெரும்பாலும் எம்10, பிட்ச் 1.5. டொயோட்டாவில் பெரும்பாலும் எம்12, பிட்ச் 1.25. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் யு.என்.எஃப். அதிகம் வரும். ஆனால் இந்தப் பட்டியலை நம்பி டேப் வாங்காதீர்கள். ஐம்பது வருடம் ஓடிய வண்டியில் யார் எப்போது எந்த லீவரை மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்? சில வண்டிகளில் மரையே கிடையாது, அழுத்திச் செருகுகிற குமிழ்தான். உங்கள் லீவரை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

இன்னொன்றையும் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். குமிழ் பொருந்தவில்லை என்று லீவரில் மெட்ரிக் டையை (கம்பியின் வெளியே மரை வெட்டுகிற கருவி) ஓட்டாதீர்கள். வந்தவர்களில் ஒருவர் அதைத்தான் செய்திருந்தார். குமிழ் போனால் இன்னொன்று கடையலாம். அந்தக் காலத்து லீவர் கெட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். மூன்று பக்கமும் சின்னத் திருகு வைத்து இறுக்குகிற 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' வகையும் எனக்குப் பிடிக்காது. அந்தத் திருகுகள் லீவரின் மரையைக் குத்திக் காயப்படுத்தும்.

சரியான டேப்பையே வைத்திருந்தாலும், அதை நேராக மரத்தில் ஓட்டாதீர்கள். குமிழை வழக்கமாக நார் மேலும் கீழுமாக ஓடும்படிதான் கடைவோம். துளையும் நாரின் திசையிலேயே இறங்குகிறது. அங்கே வெட்டுகிற ஒவ்வொரு மரையும் குட்டையாக அறுபட்ட நார்த் துணுக்குகளால் ஆனது. விளக்குமாற்றுக் கட்டுக்குள் ஆணியைச் செருகின மாதிரி. செருகும்போது இறுக்கம், இழுத்தால் கையோடு வரும்.

அதோடு மரம் சும்மாவும் இருக்காது. வெயிலில் கதவடைத்து நிற்கிற காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டலாம். மேற்கூரை மடக்குகிற வண்டியில் மழைச் சாரலும் சேர்ந்துகொள்ளும். காயும்போது துளை சுருங்கி இரும்பை நெரிக்கும், ஈரம் ஏறும்போது விரியும். நெரிபட்ட நார் பழைய நிலைக்கு வராது, பிடி தளர்ந்துவிடும். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதும் இல்லை. மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகம், மையத்திலிருந்து வெளியே போகிற திசையில் குறைவு. வட்டமாகப் போட்ட துளை நாளடைவில் லேசாக முட்டை வடிவத்துக்குப் போகும். 50 மி.மீ. வால்நட் குமிழில் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 6க்கு இறங்கினால், சுருக்கம் அதிகமாக இருக்கிற திசையில் முக்கால் மி.மீ. வரை குறையும்.

அதனால் பித்தளைக் குழல் வையுங்கள். நான் 16 மி.மீ. பித்தளைக் கம்பியில் 20 மி.மீ. நீளம் வெட்டி, உள்ளே லீவரின் மரையை எடுத்து, வெளியே குறுக்கும் நெடுக்குமாகக் காடி போட்டு, எப்பாக்சிப் பசை வைத்து மரத்துக்குள் ஒட்டுகிறேன். லீவர் மரையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும். மரத்தில் போடுகிற துளை குழலைவிட 0.2 அல்லது 0.3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், பசைக்கும் இடம் வேண்டுமல்லவா. வழவழப்பான பித்தளையில் பசை நிற்காது என்பதால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, அப்புறம் கையால் தொடாமல் ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகுகிற எப்பாக்சி இந்த வேலைக்கு வேண்டாம், கார் சூட்டில் இளகிவிடும். மெதுவாக இறுகுகிற, வெப்பம் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

மரம் எது என்று எல்லோரும் கேட்கிறார்கள். 'வைரம் பாய்ந்த கட்டை, வெடிக்கவே வெடிக்காது' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வைரம் பாய்ந்த கட்டையும் காயாவிட்டால் வெடிக்கும். கடினம் வேறு, உலர்வு வேறு. கிளையை வெட்டி அடுத்த வாரமே கடைந்து, நடு மையத்தைக் குமிழுக்குள்ளேயே விட்டுவைத்தால் பிளவு நிச்சயம். காற்றில் உலர்த்துவதென்றால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய தச்சர் கணக்கு. இரண்டு அங்குலக் கட்டைக்கு இரண்டு வருடம். பொறுமை இல்லையென்றால் சூளையில் உலர்த்திய மரத்தை வாங்குங்கள். முக்கால்வாசி கடைந்து, சில வாரம் அலமாரியில் போட்டுவிட்டு, அப்புறம் இறுதி அளவுக்குக் கொண்டுவருவது நல்ல பழக்கம். அசைகிற மரம் அதற்குள் அசைந்து முடித்துவிடும்.

போர்ஷே 917 பந்தயக் காரில் பால்சா என்கிற மிக லேசான மரத்தில் செய்த குமிழ்தானே இருந்தது என்று ஓர் இளைஞர் என்னிடம் வாதாடினார். இருந்தது, உண்மைதான். 1970லும் 1971லும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற வண்டி அது; எடையைக் குறைக்கத்தான் பால்சா. அந்த நினைவாகவே பின்னாளில் போர்ஷேயின் கரேரா ஜிடி காரிலும் மரக் குமிழ் வைத்தார்கள். எனக்கும் அதைப் பார்க்கப் பார்க்க ஆசைதான். ஆனால் பந்தய வண்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிரித்துப் பார்க்க மெக்கானிக் கூட்டமே இருக்கும். நம் வண்டியின் குமிழை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? பால்சாவில் நகம் பட்டாலே பள்ளம் விழும். அன்றாடம் ஓட்டுகிற வண்டிக்கு வால்நட், பீச், ஈட்டி இப்படி அடர்த்தியான மரமே நல்லது.

ஈட்டி வகை மரங்களில் ஓர் எச்சரிக்கை உண்டு. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் கொடுக்கும். எந்த மரமானாலும் முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள். மரத்தூள் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. பிரேசில் ஈட்டியை எங்காவது பழைய கட்டையாகப் பார்த்து ஆசைப்பட்டால் முதலில் அதன் காகிதங்களைக் கேளுங்கள். 1992 முதல் அது பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிற மரம்.

லேத்தில் கையுறை போடாதீர்கள். முழுக்கைச் சட்டை, மோதிரம், கயிறு எதுவும் கூடாது. முகத்துக்கு மறைப்பு வேண்டும். இதற்கு விளக்கம் தேவையில்லை.

மாட்டும்போது நடக்கிற தவறு ஒன்று. கியர் வரைபடம் பொறித்த குமிழ் முழுக்க இறுகும்போது கோணலாக நிற்கும். படம் நேராக வரவேண்டும் என்று அரைச் சுற்றுத் தளர்த்தி அப்படியே விட்டுவிடுகிறார்கள். அரைச் சுற்றுத் தளர்ந்த குமிழ் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இன்னும் கொஞ்சம் தளரும். லீவரில் முதலில் ஒரு லாக் நட் போடுங்கள். குமிழைச் சரியான கோணத்தில் நிறுத்தி, நட்டைக் கீழிருந்து அதன்மேல் இறுக்குங்கள். ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்குகிற வண்டியானால் குமிழின் அடி அந்த வளையத்தைத் தடுக்கக் கூடாது. 1977க்குப் பிந்தைய எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களில் ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலை வேகத்துக்கான கூடுதல் கியர்) சுவிட்ச் குமிழிலேயே இருக்கும். அதற்கான ஒயர் வழியை யோசிக்காமல் கட்டையை லேத்தில் ஏற்றாதீர்கள்.

மெருகு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரக்கு மெருகு பார்க்க அழகு, ஆனால் கையில் சானிட்டைசர் ஈரம் இருந்தால் கரைந்துவிடும். நான் எண்ணெய் மெருகுதான் போடுகிறேன். அதைச் சொல்லும்போதே ஒரு கெஞ்சலும் வைக்கிறேன். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்புப் பொறியே இல்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். ராத்திரி பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு நடக்கிற விஷயம் இது. துணியை வெளியே விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். தயவுசெய்து.

கட்டுப் போட்டவரின் குமிழ் இப்போது என் மேசையில் இருக்கிறது. நசுங்கிய மரையைக் கடைந்து எடுத்தபோது உள்ளே மாவு மாதிரி கொட்டியது. வெளியே ஒரு கீறல் இல்லை. பித்தளைக் குழல் ஒட்டியாயிற்று; தையல் பிரித்ததும் வந்து வாங்கிக்கொள்வார்.

உங்கள் வண்டியில் மரக் குமிழ் இருந்தால், சாவியைப் போடுவதற்கு முன்னால் அதை ஒரு கையால் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு மேலே இழுத்துப் பாருங்கள். நூலளவு அசைந்தாலும் கழற்றி, துளையைக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மரத்தூள் விழுந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.