மழையில்லாத தையிலும் தண்ணீர்மலை அருவி ஏன் ஓடுகிறது?

பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். தைப்பூசம் வருவதும் அப்போதுதான். வெறுங்காலில் காவடி எடுப்பவர்களுக்குச் சாலையின் சூடு தெரியும். அந்த நாட்களிலும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அருகிலுள்ள அருவி இளைத்துப்போகுமே தவிர நின்றுபோவதில்லை. மழை இல்லையே, அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முன்பு பெய்த மழையிலிருந்துதான். செப்டம்பர், அக்டோபரில் கொட்டியதில் ஒரு பகுதியை மலை தன் மண்ணுக்குள் பிடித்து வைத்திருக்கிறது.

பினாங்கு மலைகள் கருங்கல்லால் ஆனவை. கருங்கல்லுக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று தோன்றலாம். உடையாத கல்லுக்குள் போகாதுதான். ஆனால் இங்குள்ள வெயிலும் மழையும் நீண்ட நெடுங்காலமாக அந்தக் கல்லை மேலிருந்து சிதைத்துக்கொண்டே வந்திருக்கின்றன. கல்லிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மழைநீரோடு வினைபுரிந்து களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் அப்படியே மணலாக மிஞ்சுகிறது. இரண்டும் கலந்த மண் பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. அதில் இறங்கும் நீர், கீழே உறுதியான பாறையில் தட்டியதும் சரிவோடு பக்கவாட்டில் நகர்ந்து ஓடையில் கசிகிறது. மண்துகள்களுக்கு இடையே நுழைந்து நுழைந்து வருவதால் வாரங்களும் மாதங்களும் ஆகின்றன.

காடுதான் மழையைக் கொண்டுவருகிறது என்று பலரும் சொல்வார்கள். இவ்வளவு சிறிய தீவில் அதைவிடப் பெரிய விஷயம், காடு மண்ணுக்குச் செய்யும் வேலை. மரங்கள் தண்ணீரைக் குடிக்கத்தான் செய்கின்றன, அதுவும் நிறையவே. ஆனால் உதிர்ந்த இலைகள் மழைத்துளியின் அடியைத் தாங்குகின்றன. வேரும் மண்புழுவும் கறையானும் போட்ட துளைகள் வழியே நீர் உள்ளே இறங்குகிறது. காடு போய் மண் இறுகிவிட்டால் அதே மழை மேலோடு ஓடிக் கடலில் சேர்ந்துவிடும். மழைநாளில் வெள்ளம், வறண்ட நாளில் வெறும் ஓடை.

மிளகு, ஜாதிக்காய்த் தோட்டங்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் பினாங்குச் சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டன. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று வழக்கறிஞரும் இதழாசிரியருமான ஜே. ஆர். லோகன் 1848இலேயே எச்சரித்து எழுதினார். அன்று ஜார்ஜ்டவுனின் குடிநீரே மலையோடைகள்தான். செங்கல் வாய்க்கால் கட்டி ஊருக்குள் கொண்டுவந்திருந்தார்கள். ஊர் பெருகப் பெருக அது போதவில்லை. 1910இல் தாவரவியல் பூங்காவையே நீர்த்தேக்கமாக்கப் பார்த்தார்கள். நல்லவேளை, அது கைவிடப்பட்டது. ஆயர் ஈத்தாம் அணை 1962இல் வந்தது.

மண்ணின் கொள்ளளவுக்கும் எல்லை உண்டு. துளைகளெல்லாம் நிரம்பிய பிறகும் மழை விடாவிட்டால், உள்ளிருக்கும் நீரின் அழுத்தம் மண்துகள்களை விலக்கித் தள்ளும். சரிவு பிடிமானம் இழக்கும். 2017 நவம்பர் பெருமழையில் பினாங்கு மலைச்சாலைகள் சரிந்தது நமக்கு நினைவிருக்கும். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இன்று பினாங்கின் குழாய்த் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆற்றுக்கு நீர் பிடித்துக் கொடுப்பது கெடாவின் உலு மூடா காடு. அங்கும் இதே மண், வேர், கசிவுக் கதைதான். ஆனால் மலேசியச் சட்டப்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில்; அங்கே மரம் வெட்ட விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது கெடா அரசு. மரத்தை வெட்டாமல் விட்டால் வருமானம் இழப்பது கெடா, தண்ணீர் குடிப்பது நாம். அந்த இழப்பில் ஒரு பங்கைப் பினாங்கும் ஏற்க வேண்டும் என்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.