எக்ஸ்போஷர்: வெளிப்பாடா, படுதலா?

வேதிப்பொருள் பாதுகாப்பு பற்றிய தமிழ்க் கட்டுரைகளில், ஆங்கிலத்தில் எக்ஸ்போஷர் (exposure) என்பதை 'வேதிப்பொருள் வெளிப்பாடு' என்று எழுதுகிறார்கள். படித்ததும் ஆலைக் குழாயிலிருந்து கழிவு வெளியேறுவதுதான் மனதில் வருகிறது. எக்ஸ்போஷர் அதுவல்ல. ஒரு பொருள் யார்மேல் பட்டது, எவ்வளவு, எத்தனை நாள், தோல் வழியா மூச்சு வழியா வாய் வழியா என்பதைத்தான் அந்தச் சொல் கேட்கிறது.

லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'போனெரே' என்றால் வைப்பது. மறைவில்லாமல் வெளியில் வைத்துவிட்டால் வெயிலும் குளிரும் மேலே படும். அந்த வழியில்தான் ஆங்கிலத்தில் இன்றைய பொருள் வந்தது. நாம் 'வெளியே' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம். உணர்ச்சி வெளிப்பாடு, மரபணு வெளிப்பாடு என்று உள்ளிருப்பது வெளியே வருவதற்குத்தான் தமிழில் அந்தச் சொல் பழகியிருக்கிறது. இங்கே திசை நேர் எதிர்.

சொல்தானே என்று விட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேதிப்பொருள் பாதுகாப்புச் சட்டமான ரீச் (REACH, 2006) ஒரு பொருளை ஆண்டுக்கு எத்தனை டன் தயாரிக்கிறார்கள், இறக்குமதி செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சோதனைகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. 28 நாள், 90 நாள் என்று விலங்குகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைகளும் அதில் உண்டு. ஆனால் அதன் 11-ஆம் பின்னிணைப்பு ஒரு விலக்கு தருகிறது: தயாரிப்பு முதல் கழிவாகும் வரை எந்தக் கட்டத்திலும் பொருட்படுத்தத்தக்க எக்ஸ்போஷர் இல்லை என்று காட்டினால், இத்தகைய சில சோதனைகளை விடலாம். இதை 'வெளிப்பாடு இல்லை' என்று மொழிபெயர்த்தால், ஆலைக்கு வெளியே எதுவும் போகவில்லை, அது போதும் என்றாகிவிடும். உள்ளே மூட்டை பிரிக்கும் தொழிலாளியின் கை கணக்கிலேயே வராது. சட்டம் அவரையும் சேர்த்துத்தான் கேட்கிறது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1995-இல் எக்ஸ்போஷருக்கு எண்ணாகவே ஒரு வரம்பு வைத்தது. உணவுப் பொதியிலிருந்து கசியும் பொருள் அன்றாட உணவில் நூறு கோடியில் அரைப் பங்குக்கு மேல் போகாது என்றால், வழக்கமான நச்சுத்தன்மைச் சோதனைகள் வேண்டாம். ஒருவர் நாளொன்றுக்கு 3 கிலோ உண்டு குடிக்கிறார் என்று கொண்டால், அது 1.5 மைக்ரோகிராம். புற்றுநோய் உண்டாக்கும் என்று தெரிந்த பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஆட்படல், உள்ளாதல் இரண்டும் பிழையில்லை. ஆனால் 'நோய்க்கு ஆட்பட்டார்' என்றால் நோயே வந்துவிட்டது. எக்ஸ்போஷரில் தீங்கு நேர்ந்தே தீர வேண்டும் என்பதில்லை. நான் 'படுதல்' என்பேன். "மிளகாய்த்தூள் கண்ல பட்டுடுச்சு", "ஆசிட் கையில படாம ஊத்து" என்று வீட்டில் நாம் சொல்வது அதைத்தான். படுக்கையோடு குழம்பாது, அது படுத்தல், இது படுதல். அப்புறம் படுதல் மதிப்பீடு, படும் அளவு, படும் வழி என்று மற்றச் சொற்களும் தாமாக வந்து சேர்கின்றன. மூச்சில் போவதையும் விழுங்குவதையும் 'படுதல்' என்பது முதலில் கொஞ்சம் இடறும். அங்கே 'மூச்சுவழிப் படுதல்', 'வாய்வழிப் படுதல்' என்று வழியையும் சேர்த்து எழுதிவிடலாம்.