மணியடித்ததும் எங்கே போவது?

இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி 11 வயதில் முடிகிறது. ஆறாம் ஆண்டு வரை பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், கோட் மாட்டப் பெயர் ஒட்டிய ஒரு கொக்கி. அப்புறம் ஆறு வாரக் கோடை விடுமுறை. செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தால் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பாடத்துக்கு ஓர் அறை. கட்டடத்தில் ஆயிரம் பேர் படிப்பது சாதாரணம். பல பள்ளிகளில் 'ஏ' வாரம், 'பி' வாரம் என்று கால அட்டவணையே இரண்டு.

முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும்தான் வழி தெரியாமல் அலைகிறார்கள். பெரும்பாலானவர்கள் சீக்கிரமே சமாளித்துக்கொள்கிறார்கள். ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் புலன்கள் தருவதைக் கையாள்வதும் பிறவியிலேயே வேறு விதமாக இருக்கும் நிலை) உள்ள பிள்ளைகளில் பலருக்கு அது அவ்வளவு சுலபத்தில் நடப்பதில்லை. கூச்சம், பிடிவாதம், வீட்டில் கொடுத்த செல்லம் என்று காரணம் சொல்லிவிடலாம். மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் வேறு விளக்கம் கிடைக்கிறது. எந்த உதவி பலிக்கும், எது வீண் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

கண்ணும் காதும் அனுப்புவதை எல்லாம் மூளை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஊகமும் நடப்பும் பொருந்தினால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஓடுகிற ஃபேனின் சத்தம் கொஞ்ச நேரத்தில் காதில் விழாமல் போவது அதனால்தான். பொருந்தாவிட்டால் 'இதைக் கவனி' என்று எச்சரிக்கை கிளம்பும். ஆட்டிசத்தில் இந்தக் கணக்கு வேறு மாதிரி நடக்கிறது என்று ஆய்வாளர்கள் லிஸ் பெலிகானோவும் டேவிட் பர்ரும் 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: பழைய அனுபவத்துக்கு மூளை குறைவான எடை கொடுக்கிறது, அதனால் புலன்கள் தரும் செய்தி அதிகம் வடிகட்டப்படாமல் வந்து சேர்கிறது. 2017-ல் ரெபெக்கா லாசனும் அவருடைய சகாக்களும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஓர் ஒலியைக் கேட்டதும் அடுத்து எந்தப் படம் வரும் என்று பழகிக்கொள்ளும் சோதனை அது. சுற்றுப்புறம் உண்மையில் மாறுவதைவிட அதிகமாக மாறிக்கொண்டிருப்பதாகவே சோதனையில் கலந்துகொண்டவர்களின் மூளை கணக்குப் போட்டது. எதுவுமே நிலையில்லை என்று கணக்குப் போடும் மூளை, எந்தச் சத்தத்தையும் 'இது வழக்கமானதுதான்' என்று எளிதில் தள்ளிவிடாது.

ஆட்டிசம் முழுவதையும் இந்த ஒரு கோட்பாட்டுக்குள் அடைத்துவிட முடியாது. ஆய்வாளர்களுக்குள் வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் பள்ளி மாறும் சிக்கலைப் புரிந்துகொள்ள இதைவிடக் கைகொடுக்கும் விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது பீரியட் முடிந்து மணியடிக்கிறது என்று வையுங்கள். பத்துப் பன்னிரண்டு கதவுகள் ஒரே சமயத்தில் திறக்கின்றன. இரு பக்கமிருந்தும் பிள்ளைகள் மோதிக்கொண்டு வருகிறார்கள். யாருடைய முதுகுப்பையோ தோளில் இடிக்கிறது, பின்னால் கதவு அறைந்து சாத்துகிறது, யாரோ பாடிஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். இதற்கு நடுவே அந்தப் பிள்ளை யோசிக்க வேண்டும்: இது 'ஏ' வாரமா 'பி' வாரமா, அடுத்து எந்தப் பாடம், 'எஸ் 14' அறை எந்த மாடியில், அறிவியல் நோட்டு பையில் இருக்கிறதா. இரண்டு நிமிடம் பிந்தினால் சில பள்ளிகளில் பெயர் குறித்துக்கொள்வார்கள். ஏடிஎச்டி (கவனம் நிற்காமை, மிகைத் துறுதுறுப்பு) உள்ள பிள்ளையும் இதே இடத்தில் தடுக்கி விழும், ஆனால் காரணம் வேறாக இருக்கும்: நேரம் ஓடுவது பிடிபடாது, நோட்டு வீட்டிலேயே கிடக்கும். தண்டனை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். ஏடிஎச்டிக்கு அந்தந்த நேரத்தில் ஒரு நினைவூட்டல் பெரிய உதவி. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முந்தைய நாளே தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் ஜூலையில் புதுப் பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி, விளையாட்டும் போட்டியுமாக நடத்துகிற அறிமுக நாளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. அது கொண்டாட்டமான நாள். செப்டம்பரில் அப்படி ஒரு நாள் வரப்போவதே இல்லை. மூளைக்குத் தவறான பாடம் எடுத்த மாதிரிதான். சாதாரண நாளைக் காட்டுவதே பயன்படும். முதலில் கட்டடம் காலியாக இருக்கும்போது ஒரு முறை நடந்து பார்ப்பது. பிறகு மணியடிக்கும் நேரத்தில் ஓரமாக நின்று அந்த நெரிசலைப் பார்ப்பது. உண்மையான கதவுகள், கழிப்பறை, சாப்பாட்டு வரிசை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரு சிறு புத்தகமாக்கி விடுமுறைக்குக் கொடுத்து அனுப்புவது. நிறைய பள்ளிகளில் சாப்பாட்டுக்குக் காசு கிடையாது, விரல் ரேகை வைத்துக் கணக்கில் கழிப்பார்கள். ரேகை பதியவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் அந்தப் புத்தகத்தில் எழுத வேண்டும். பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் இந்த 'இப்படி ஆனால் அப்படி' வரிகளே பிள்ளையின் இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றுபவை.

எழுதும்போது ஒரு ஜாக்கிரதை. 'இந்த அறையில் மிஸ் இருப்பார்' என்று எழுதி, அன்றைக்கு மாற்று ஆசிரியர் வந்துவிட்டால் புத்தகத்தின் மீதே நம்பிக்கை போய்விடும். 'பெரும்பாலும் மிஸ் இருப்பார். சில நாள் வேறு ஒருவர் வருவார், பாடம் அதேதான்' என்று எழுதினால் மாற்றமும் எதிர்பார்த்ததாகிவிடுகிறது.

பள்ளி மாறினால் எல்லாம் தலைகீழாகும் என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. வில் மேண்டியும் சகாக்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பின்தொடர்ந்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பெரிய சரிவு எதுவும் தெரியவில்லை. ஆனால் தொடக்கப் பள்ளியிலேயே மனத்தொல்லைகள் அதிகமாக இருந்தன, அவை கூடவே வந்தன. ஆக, உதவி ஆறாம் ஆண்டின் கடைசி மாதத்தில் தொடங்குவது மிகவும் தாமதம். இங்கிலாந்துச் சட்டமும் இதற்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து உள்ளாட்சி போடும் திட்டம் ஒன்று உண்டு. அது இருக்கும் பிள்ளைக்கு எந்த உயர்நிலைப் பள்ளி என்பதைப் பிப்ரவரி 15-க்குள் எழுதிவிட வேண்டும். மற்றவர்களுக்குத் தெரிவது மார்ச் 1-ல். பள்ளி தெரிந்த அன்றே போட்டோ எடுக்கக் கிளம்பலாம். திட்டம் இல்லாத பிள்ளைக்கும், ஆட்டிசம் குறைபாடாகக் கணக்கில் வரும் அளவுக்கு இருந்தால், 2010-ன் சமத்துவச் சட்டப்படி நியாயமான மாற்றங்களைப் பள்ளி செய்து தர வேண்டும்: மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வகுப்பை விட்டுக் கிளம்ப ஓர் அட்டை, மதிய இடைவேளையில் அமைதியான அறை மாதிரியானவை.

பள்ளிக்கும் பிள்ளையைப் பற்றித் தெரிய வேண்டுமே. தானே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012-ல் சொன்னது: புரிதல் அறுவது இரண்டு பக்கமும்தான், குறை ஒருவரிடம் மட்டும் இல்லை. 2020-ல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் ஒரு கதையை ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் காதுக்குக் கடத்தச் சொல்லிப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களே தங்களுக்குள் கடத்தியபோது, ஆட்டிசம் இல்லாதவர்கள் கடத்திய அளவுக்கே கதை சேதமில்லாமல் போனது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் தொலைந்தது. அதனால் பிள்ளை தன் வாயாலேயே சொல்லி எழுதிய ஒரு பக்கக் குறிப்பு பத்து ஆசிரியர்கள் கைக்கும் போக வேண்டும். 'கண்ணைப் பார்க்கச் சொன்னால் நீங்கள் சொல்வது காதில் விழாது' என்கிற மாதிரி நாலு வரி போதும்.

பள்ளியில் நாள் முழுக்க வாய் திறக்காமல் ஒழுங்காக இருந்துவிட்டு, வீட்டுக் கதவு சாத்தியதும் ஷூவை விசிறியடித்து அழும் பிள்ளைகள் நிறையப் பேர். 'இங்கே நன்றாகத்தானே இருக்கிறான்' என்று ஆசிரியர் சொல்வதும் பொய்யில்லை. மற்றவர்களைப் போல் தெரிய வேண்டும் என்று நாள் முழுக்கத் தன்னை மறைத்துக்கொண்ட களைப்பு அது. அக்டோபர் கடைசியில் ஒரு வார விடுமுறை வரும். அதுவரை தொல்லை இல்லை என்று பார்த்து, அட்டையையும் அமைதி அறையையும் அந்த இடத்தில் நிறுத்திவிடும் பள்ளிகள் உண்டு. நிறுத்துவதற்கு முன் மாலை நான்கு மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று அம்மாவைக் கேட்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியின் இரண்டாவது ஆண்டான எட்டாம் ஆண்டில் ஆசிரியர்கள் மாறலாம், அறைகளும் மாறலாம். போட்டோப் புத்தகத்தைத் திருத்தும் வேலை மறுபடி ஜூலையில் இருக்கிறது.